மாட்டுக்கு தடுப்பூசி போடணுமா? எதுக்கு, எப்போ, எப்படின்னு ஒரு முழு வழிகாட்டி

"மாடுதான் நல்லா இருக்கே, இப்ப எதுக்கு ஊசி?" மாடு வெச்சிருக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்வி இது. நல்லா இருக்கும்போதுதாங்க போட முடியும். தடுப்பூசி மருந்து கிடையாது, வந்த நோயை அது விரட்டாது. நோய்க்கிருமியை கொன்னோ வலுவிழக்க வெச்சோ உடம்புக்கு காட்டறோம், உடம்பு அதைப் பாத்து எதிர்ப்பு சக்தியை தயார் பண்ணிக்குது, அதுக்கு ரெண்டுல இருந்து மூணு வாரம் ஆகும். பக்கத்துல நோய் வந்துடுச்சுன்னு கேள்விப்பட்டு அன்னைக்கு ஓடிப்போய் போட்டா அந்த மூணு வாரம் நம்ம கையில இருக்குமா இருக்காதான்னு யாருக்கும் தெரியாது.

மொத்தத்துல போடறது நல்லதாங்கற சந்தேகம் இருந்தா வெக்கை நோயை, அதாவது ரிண்டர்பெஸ்ட்டைப் பாருங்க. 1890கள்ல ஆப்பிரிக்காவுல பல பகுதிகள்ல பத்துக்கு எட்டு மாட்டுக்கு மேல அடிச்சுட்டு போன வைரஸ் அது, மாடு போனதும் பின்னாடியே பஞ்சம் வந்துச்சு. வால்டர் பிளோரைட்னு ஒரு கால்நடை விஞ்ஞானி கென்யாவுல உருவாக்கின தடுப்பூசியை வெச்சு நாடு நாடா போட்டுக்கிட்டே வந்தாங்க, கடைசியா இந்த நோயைப் பாத்தது 2001ல, 2011ல உலகத்துலயே இந்த நோய் இல்லன்னு அறிவிச்சாங்க. மனுசங்களோட பெரியம்மைக்கு அப்புறம் பூமியில இருந்தே துடைச்சு எடுத்த ரெண்டாவது நோய் இதுதான். இன்னைக்கு இளவட்ட பண்ணைக்காரங்களுக்கு அந்த நோய் பேரே தெரியாது.

அதுக்காக கடையில இருக்கற எல்லா ஊசியையும் எல்லா மாட்டுக்கும் குத்துங்கன்னு சொல்ல வரல. உங்க மந்தைக்கு எது வேணும், எது வேணாம்னு பிரிக்கறதுலதான் பாதி வேலை இருக்கு, மீதி பாதி ஊசி கெட்டுப்போகாம சரியான நாள்ல மொத்த மந்தைக்கும் போய் சேர்றதுல இருக்கு. "போட்டும் வந்துடுச்சு"ன்னு புலம்பறவங்க கதையைக் கேட்டா பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணுலதான் ஓட்டை இருக்கும்.

முதல் படி: எந்த நோய்னு முடிவு பண்ணுங்க

ஒவ்வொரு நோய்க்கும் நாலு கேள்வி கேளுங்க. இந்த நோய் நம்ம பகுதியில வருதா? வந்தா வைத்தியம் பண்ண நேரம் கிடைக்குமா? மனுசங்களுக்கு தொத்துமா? வெளி மாடு, சந்தை, பொது மேய்ச்சல், பொது தண்ணின்னு நம்ம மந்தைக்குள்ள நுழைய வழி இருக்கா? இதுக்கெல்லாம் பதில் கால்நடை டாக்டர்கிட்ட இருக்கும், எந்த நோய் எந்த மாசம் வருதுன்னு அவங்க நோட்டுலயே இருக்கும், கூச்சப்படாம கேளுங்க.

வைத்தியத்துக்கு நேரமே தராத நோய்கள்ல இருந்து ஆரம்பிப்போம், அங்க யோசிக்கவே வேண்டியதில்ல. சப்பை நோய்ல ராத்திரி நல்லா தின்ன கிடேரி காலையில ஒரு கால் நொண்டும், தொடையோ தோளோ வீங்கியிருக்கும், அந்த வீக்கத்தை அமுக்கினா உள்ள காத்து அடைச்ச மாதிரி நறநறன்னு கைக்கு தெரியும், சாயங்காலத்துக்குள்ள போயிடும். ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் கொழுகொழுன்னு இருக்கற கன்னுகளைத்தான் இது தேடிப்பிடிக்கும். தொண்டை அடைப்பானும் அதே வேகம்தான், கடுமையான காய்ச்சல், தொண்டை வீக்கம், கர்ர் கர்ர்னு மூச்சு, ஒரே நாள்ல முடிஞ்சிடும், எருமைக்கு இன்னும் மோசம். மழை ஆரம்பிச்சு ஈரப்பதம் ஏறும்போதுதான் இது தலைதூக்கும். இந்த நோய்கள் நடமாடற பகுதியா இருந்தா வருசா வருசம் போட்டே ஆகணும்.

அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ், தனி ரகம். இதோட வித்துகள் மண்ணுல பத்து வருசக்கணக்குல உயிரோட கிடக்கும், அதனால ஒருதடவை வந்த இடம்னா திரும்பவும் வரலாம்னு வெச்சுக்கணும், அங்க மட்டும் வருசாவருசம் போட்டா போதும், எல்லா ஊருக்கும் தேவையில்ல. திடீர்னு செத்து, மூக்குலயும் ஆசனவாயிலயும் உறையாத கறுத்த ரத்தம் வந்தா அந்த உடம்பை அறுக்கவே கூடாது, காத்து பட்டாத்தான் கிருமி வித்தா மாறும், தோலுக்கு ஆசைப்பட்டு உரிச்சா நிலமும் கெடும், உரிக்கறவரும் படுப்பார்.

அடுத்து கோமாரி, வாயிலயும் கால் குளம்புலயும் புண் வர்ற வைரஸ் நோய். இதுல பெரிய மாடு சாகறது கம்மி, அதனாலதான் பலபேரு அசால்ட்டா விடறாங்க. ஆனா கன்னுக்குட்டிக்கு நேரா இதயத்துல அடிக்கும், பால் குடிச்சுக்கிட்டு நின்ன கன்னு பொத்துனு விழும். பிழைச்ச மாட்டுலயும் சிலது வெயில் தாங்காம எப்ப பாத்தாலும் மூச்சிரைக்கும், பால் பழைய அளவுக்கு ஏறாது, சினை பிடிக்க தள்ளிப்போகும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 12 கறவை, ஒவ்வொண்ணும் 8 லிட்டர்னு வெச்சுக்குவோம். கோமாரி வந்து மூணு வாரம் பால் பாதியா குறைஞ்சா 12 × 4 × 21, ஆயிரம் லிட்டருக்கு மேல போச்சு, இதுல வைத்தியமும் செத்த கன்னும் சேரல. ஊசி போட்டதால ஒரு மாட்டுக்கு ரெண்டு நாள் தலா அரை லிட்டர் குறையுதுன்னே வெச்சாலும் மொத்தம் 12 லிட்டர், வருசத்துக்கு ரெண்டு தடவைன்னா 24. "ஊசி போட்டா பால் குறையும்"னு சொல்றது பொய் இல்ல, எவ்வளவுன்னு மட்டும் யாரும் சேத்து சொல்றதில்ல.

கோமாரி வைரஸ்ல ஏழு வகை இருக்கு, ஓ, ஏ, சி, ஏசியா-1, அப்புறம் சாட் 1, 2, 3. ஒரு வகைக்கு போட்ட ஊசி இன்னொரு வகையை தடுக்காது, அதனால உங்க பகுதியில சுத்தற வகைக்கான ஊசிதான் போடணும். இதுல இன்னொரு விசயம், கோமாரியே இல்லாத சில நாடுகள்ல தடுப்பூசி போடறதுக்கே தடை. ஊசி போட்ட மாட்டையும் நோய் வந்த மாட்டையும் பரிசோதனையில பிரிச்சு காட்டறது சிக்கலாகி ஏற்றுமதி அடிபடும்ங்கறது அவங்க கணக்கு. ஆனா நோய் நுழைஞ்சுட்டா அந்த வழிக்கு கொடுக்கற விலை கொஞ்சநஞ்சம் இல்ல, 2001ல பிரிட்டன்ல ஆடு மாடு பன்னின்னு 60 லட்சத்துக்கு மேல வெட்டிப் போட்டாங்க. அதனால உங்க நாட்டு சட்டம் என்ன சொல்லுதுன்னு முதல்ல பாத்துக்கோங்க.

புருசெல்லாவை நான் தனியா அழுத்தி சொல்லுவேன், ஏன்னா இது மாட்டோட நிக்காது. சினை கடைசியில கன்னு வீசும், அதாவது கரு கலைஞ்சு விழும், நஞ்சுக்கொடி விழாம தங்கும், அதை வெறுங்கையால எடுத்தவருக்கும் காய்ச்சாத பால் குடிச்சவருக்கும் வந்து வந்து போற காய்ச்சல், மூட்டு வலின்னு மாசக்கணக்குல படுத்தி எடுக்கும். இதுக்கான எஸ்-19ங்கற ஊசியை 4லிருந்து 8 மாச கிடேரி கன்னுகளுக்கு மட்டும் ஒரே ஒருதடவை போடறது வழக்கம். காளைக்கன்னுக்கு கூடாது, விதை வீங்கும். சினை மாட்டுக்கும் கூடாது, கன்னு வீசிடும். இது உயிருள்ள கிருமி, போடறவர் கையில குத்திட்டாலோ கண்ணுல தெறிச்சாலோ அவருக்கே நோய் வரும், அதனால கையுறை, கண்ணாடியோட டாக்டர்தான் போடணும், நாமளே வாங்கி குத்தற ஊசி இல்ல.

தோல் கழலை நோய், பேச்சுல மாட்டம்மைன்னு சொல்றது, 1929ல ஜாம்பியாவுல முதல்ல பாத்தது, ரொம்ப காலம் ஆப்பிரிக்காவுக்குள்ளயே இருந்து, அப்புறம் மேற்கு ஆசியாவுக்கு வந்து, 2019ல இருந்து ஆசியாவுல மத்த பகுதியிலயும் நாடு நாடா பரவிடுச்சு. கடிக்கற ஈ, கொசு, உண்ணி எல்லாம் தூக்கிட்டு போகும், அதனால "என் மாடு வெளியவே போறதில்ல"ங்கற சமாதானம் இங்க செல்லாது. கொசு, ஈ பெருகற பருவத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே போட்டுடணும்.

சினை பிடிக்காம திரும்புறது, கன்னு வீசறது, இளங்கன்னு இருமல்னு தொடர்ந்து தொல்லை இருக்கற பெரிய பண்ணையில பி.வி.டி., ஐ.பி.ஆர்.ங்கற ரெண்டு வைரஸ் நோய், லெப்டோங்கற பாக்டீரியா நோய் மாதிரியானதுக்கான ஊசிகளைப் பத்தி பேசலாம், ஆனா ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு பேசுங்க. பி.வி.டி.யில குறிப்பா, சினையோட 40லிருந்து 125 நாளுக்குள்ள தொத்தினா பொறக்கற கன்னு சாகற வரைக்கும் வைரஸை கொட்டிக்கிட்டே இருக்கும், அந்த கன்னை காதுத்துண்டு பரிசோதனையில கண்டுபிடிச்சு வெளியேத்தாம ஊசி மட்டும் போட்டுக்கிட்டிருந்தா வேலைக்காகாது.

மடி நோய்க்கு ஊசி இருக்கான்னு கேப்பீங்க. சில வகைக்கு சில நாட்டுல இருக்கு, ஆனா கறக்கற கை சுத்தமும், கறந்ததும் காம்பை மருந்துல முக்கி எடுக்கறதும் செய்யாததை அது செய்யாது. இதுக்கு பணம் போடறத விட கட்டுத்தறியை காய வெக்கறது உத்தமம், இது என் அபிப்பிராயம்.

ரெண்டாவது படி: காலண்டர் போடுங்க

மூணு விசயத்தை வெச்சு தேதி குறிக்கணும், நோய் வர்ற பருவம், கன்னோட வயசு, சினை மாசம்.

பருவம் சுலபம், மழை நோய்க்கு மழைக்கு ஒரு மாசம் முன்ன, அவ்வளவுதான். வயசுலதான் நிறைய பேரு வழுக்கறாங்க. சீம்பால் வழியா அம்மாவோட எதிர்ப்பு சக்தி கன்னுக்கு வந்துடும், அது இருக்கற வரைக்கும் கன்னுக்கு போடற ஊசியை அதுவே அழிச்சிடும், ரொம்ப சின்னதுல போட்டா வீணாப் போறது இதனாலதான். அதனால கோமாரி ஊசியை நாலு மாசம் வாக்குல முதல்ல போட்டு, ஒரு மாசம் கழிச்சு பூஸ்டர், அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருதடவைன்னு வெச்சிருக்காங்க. பூஸ்டரை விட்டுடாதீங்க. கொன்ன கிருமியில செஞ்ச ஊசிகள்ல முதல் டோஸ் உடம்புக்கு அறிமுகம் மட்டும்தான், ரெண்டாவதுதான் தாங்கற அளவுக்கு சக்தி தரும், முதல்ல மட்டும் போட்டுட்டு "போட்டாச்சு"ன்னு எழுதி வெக்கறது போடாததுக்கு கொஞ்சம்தான் மேல.

சீம்பாலை நமக்கு சாதகமாவும் திருப்பலாம். கன்னுக்கழிச்சலை உண்டாக்கற ரோட்டா, கொரோனா, ஈ.கோலை கிருமிகளுக்கான ஊசியை சினை மாட்டுக்கு கடைசி மாசங்கள்ல போடுவாங்க, சக்தி சீம்பால்ல இறங்கி கன்னுக்கு போகும். ஆனா கன்னு பொறந்த ஆறு மணி நேரத்துக்குள்ள வயிறு நிறைய சீம்பால் குடிக்கணும், நேரம் ஆக ஆக கன்னோட குடல் அதை உறிஞ்சறது குறைஞ்சுக்கிட்டே வந்து ஒரு நாள்ல கதவை சாத்திடும். நஞ்சு விழற வரைக்கும் கன்னை விடக்கூடாதுன்னு கட்டி வெக்கறவங்க அந்த ஊசியை போட்டும் பிரயோஜனம் இல்ல.

சினை மாட்டுக்கு போடலாமாங்கறதுக்கு ஒரே பதில் இல்ல. கொன்ன கிருமி ஊசி பெரும்பாலும் போடலாம், ஆனா கடைசி மாசத்துல மாட்டை புடிச்சு இழுத்து மல்லுக்கட்டி தள்ளினா அந்த அதிர்ச்சியிலயே கன்னு வீசும், பழி ஊசி மேல விழும். உயிர்க்கிருமி ஊசின்னா பாட்டில் தாளை படிச்சு, டாக்டரை கேட்டு அப்புறம்.

மூணாவது படி: ஊசிக்கு முன்னாடி மாட்டை தயார் பண்ணுங்க

ரெண்டு மூணு வாரம் முன்ன குடல்புழு நீக்கம் பண்ணிடுங்க, உண்ணி இருந்தா அதையும் பாத்துக்கோங்க. வயிறு முழுக்க புழுவும் எலும்பு தெரியற உடம்புமா இருக்கற மாடு ஊசிக்கு சரியா பதில் கொடுக்காது. தாது உப்பு, தீவனம் கொறையா இருந்தாலும் அதே கதைதான்.

அன்னைக்கு காய்ச்சல் இருக்கற மாடு, தீனி எடுக்காத மாடு, தூரத்துல இருந்து வண்டியில வந்து இறங்கின மாடு, இதையெல்லாம் ஒதுக்கி வெச்சு தேறினதும் போடுங்க. ஒதுக்கினதை மறந்துடறாங்க, அதான் தலைவலி, நோட்டுல எழுதிடுங்க. புதுசா வாங்கின மாட்டை குறைஞ்சது ரெண்டுல இருந்து நாலு வாரம் தனியா கட்டி அங்கயே ஊசி முடிச்சுட்டு மந்தையில சேருங்க. அடைப்பான் ஊசி மாதிரி உயிருள்ள பாக்டீரியா ஊசி போடறதுக்கு ஒரு வாரம் முன்னயும் பின்னயும் ஆன்டிபயாடிக் கூடாது, ஊசியில இருக்கற கிருமியையே அது கொன்னுடும்.

நாலாவது படி: பாட்டிலை கவனிங்க

ஊசி மருந்து எப்பவும் 2லிருந்து 8 டிகிரி குளிர்ல இருக்கணும். அந்த குளிர் கம்பெனியில இருந்து மாட்டோட கழுத்து வரைக்கும் எங்கயும் அறுபடக்கூடாது. கடையில ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்துத் தர்றாங்களா, மேசை மேல இருந்து எடுத்துத் தர்றாங்களான்னு பாருங்க, மேசைன்னா வாங்காம வந்துடுங்க. ஐஸ் பாக்ஸ் எடுத்துட்டு போங்க, ஐஸ் மேல பாட்டில் நேரா படாம நடுவுல ஒரு துணியோ பேப்பரோ வைங்க. சூடுதான் எதிரின்னு எல்லாரும் நினைக்கறாங்க, கோமாரி, சப்பை மாதிரி எண்ணெயோ அலுமினியம் ஜெல்லோ கலந்த ஊசிக்கு உறையறதும் அதே அளவு எதிரி. ஃப்ரீசர்ல வெச்ச பாட்டில்ல மருந்தும் ஜெல்லும் பிரிஞ்சுடும், குலுக்கினாலும் பழைய மாதிரி சேராது, அது சக்தியும் தராது, குத்தின இடத்துல கட்டியும் வரும். தூக்கிப் போட்டுடுங்க. வீட்டு ஃபிரிட்ஜ்ல கதவுத் தட்டுல வெக்காதீங்க, திறந்து மூடறப்ப எல்லாம் சூடு ஏறி இறங்கற இடம் அது.

தூளா வந்து கரைச்சு போடற உயிர்க்கிருமி ஊசியை கரைச்ச ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், வெயில் படக்கூடாது. அதனால 30 மாடு இருந்தா அத்தனைக்கும் சேத்து முதல்லயே கரைச்சு வெக்காம, கட்டற வேகத்துக்கு ஏத்த மாதிரி ஒவ்வொரு பாட்டிலா கரைங்க. மிச்சத்தை நாளைக்குன்னு எடுத்து வெக்கறது வேணாம்.

அஞ்சாவது படி: போடற நாள்

வெயில் ஏறறதுக்கு முன்ன ஆரம்பிங்க. மாட்டை முன்னாடியே கட்டி வைங்க, தொரத்தி புடிச்சு மூச்சு வாங்கற மாட்டுக்கு போடாதீங்க. போடற இடம் கழுத்தோட பக்கவாட்டு, தோளுக்கு முன்னாடி. பின்சப்பையில போடற பழக்கத்தை விடுங்க, சாணி பட்ட இடம், கட்டி வந்தா சீழ் வடிய வழி இல்ல, நரம்புல பட்டா கால் இழுக்கும்.

தோலுக்கு அடியில போடற ஊசின்னா ரெண்டு விரலால தோலை கூடாரம் மாதிரி தூக்கி, அந்த அடிவாரத்துல சாய்வா குத்தணும், ஊசி முனை உள்ள சும்மா அசையணும், அசையலன்னா தோலுக்குள்ளயே நிக்குதுன்னு அர்த்தம். தூக்கின தோலோட மறுபக்கம் வெளிய வந்து மருந்து முடி மேல வடியறதும் நடக்கும், கையை வெச்சு ஈரம் இருக்கான்னு பாத்துக்கோங்க. தசையில போடறதா தோலடியிலயாங்கறது தாள்ல எழுதியிருக்கும், மாத்தி போடாதீங்க. எத்தனை மில்லின்னும் அதே தாளைப் பாருங்க, "சின்ன கன்னுதானே"ன்னு உங்க இஷ்டத்துக்கு பாதி போட வேணாம், தடுப்பூசி டோஸ் உடம்பு எடையை வெச்சு போடறது இல்ல.

பாட்டிலை ஒவ்வொரு தடவையும் குலுக்குங்க. பாட்டில்ல ஒரு ஊசியை நிரந்தரமா குத்தி வெச்சு அதுல இருந்துதான் உறிஞ்சணும், மாட்டுல குத்தின ஊசியை திரும்ப பாட்டிலுக்குள்ள விட்டா அந்த பாட்டில் மொத்தமும் அசுத்தம். மாட்டுக்கு மாடு ஊசி மாத்துங்க, ரத்தம் வழியா பரவற நோயை ஒரே ஊசியால நாமளே மந்தை முழுக்க பரப்பின கதை வேணாம். சிரிஞ்சுக்கு உள்ள ஸ்பிரிட்டோ டெட்டாலோ விட்டு கழுவாதீங்க, ஒட்டியிருக்கற அந்த கொஞ்சம் போதும் உயிர்க்கிருமி ஊசியை கெடுக்க, கொதிக்கற தண்ணியில போட்டு ஆற விட்டு எடுங்க.

ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிச்சுடலாம்னு நாலு வகை ஊசியை ஒண்ணா குத்தாதீங்க, எதோட எது சேரும்னு கேட்டுக்கோங்க. ரெண்டு ஊசியை ஒரே சிரிஞ்சுல கலக்கறது எப்பவுமே கூடாது. ஆனா மந்தை மொத்தத்துக்கும் ஒரே நாள்ல ஒரே ஊசி, இது முக்கியம். பாதிக்கு போட்டு பாதிக்கு விட்டா விட்ட பாதியில நோய் புகுந்து வைரஸ் மலை மாதிரி பெருகும், அவ்வளவு வைரஸை எதிர்க்க முடியாம ஊசி போட்ட மாட்டோட சக்தியும் தோக்கும். பத்துக்கு எட்டு மாட்டுக்காவது சக்தி இருந்தாத்தான் பரவல் தடைபடும்னு பொதுவா சொல்லுவாங்க, போட்ட எல்லா மாட்டுக்கும் சக்தி வராதுங்கறதால எட்டு மாட்டுக்கு போட்டா போதாது, பத்துக்கும் போடணும்.

ஆறாவது படி: போட்ட பின்னாடி

அரை மணி நேரம் அங்கயே இருங்க. ரொம்ப அபூர்வமா ஒரு மாட்டுக்கு ஒவ்வாமை வரும், எச்சில் வடிஞ்சு, மூச்சு முட்டி, கண் இமை வீங்கி, தள்ளாடி விழும், அதுக்கு அட்ரினலின் உடனே போடணும், டாக்டர் பையில இருக்கான்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. மத்தபடி ஒண்ணு ரெண்டு நாள் லேசான காய்ச்சல், மந்தம், பால் கொஞ்சம் குறையறது, குத்தின இடத்துல சின்ன வீக்கம், இதெல்லாம் வழக்கம்தான். மாட்டம்மை ஊசிக்கு சில மாட்டுல சின்னச் சின்ன கழலை கூட வரும், தானா அடங்கிடும். நல்ல தண்ணி, நிழல் கொடுங்க, ஒரு வாரம் உழவு, தூரப்பயணம் வேணாம். கறிக்கு விக்கற மாடுன்னா எத்தனை நாள் கழிச்சு விக்கணும்னு பாட்டில் தாள்ல போட்டிருக்கும்.

நோட்டுல மாட்டு எண், தேதி, ஊசி பேரு, பாட்டில்ல இருக்கற பேட்ச் எண், காலாவதி தேதி, விட்டுப்போன மாடு, பூஸ்டர் தேதி எழுதுங்க. பேட்ச் எண் எதுக்குன்னு கேட்டா, நாளைக்கு ஏதாவது தப்பாச்சுன்னா கேள்வி கேக்க உங்ககிட்ட இருக்கற ஒரே ஆதாரம் அதுதான்.

போட்டும் வந்துட்டா?

மொதல்ல தேதியை பாருங்க. ஊசிக்கு முன்னாடியே நோய் உள்ள நுழைஞ்சிருக்கலாம், கோமாரி தொத்தி ரெண்டு நாள்லயும் காட்டும், ரெண்டு வாரம் கழிச்சும் காட்டும், அப்ப ஊசி போட்ட அஞ்சாம் நாள் வாய்ப்புண் வந்தா ஊசியாலதான் வந்துச்சுன்னு தோணும், ஆனா கோமாரி ஊசியில இருக்கறது செத்த வைரஸ், அதால நோய் வர வழி இல்ல. அடுத்து பூஸ்டர் போட்டோமா, பாட்டில் ஐஸ்ல இருந்துச்சா, வைரஸ் வகை பொருந்துச்சா, இந்த வரிசையில தேடுங்க. நோய் வந்த மாட்டை பிரிச்சுக் கட்டி, பாக்கறதுக்கு தனி ஆள், தனி வாளின்னு வெச்சுட்டு, புண் புதுசா இருக்கும்போதே டாக்டரை கூப்பிட்டு மாதிரி எடுத்து அனுப்பச் சொல்லுங்க, புண் ஆறினதுக்கு அப்புறம் எடுத்தா எந்த வகைன்னு கண்டுபிடிக்கறது கஷ்டம். மந்தையில மீதி மாட்டுக்கு அப்ப போடலாமா வேணாமான்னு அவர் சொல்லுவார், போடறதா இருந்தா நோய் இல்லாத ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு நோய் வந்த மாடு பக்கம் வரணும், எதிர்ப்பக்கமா வந்தா ஊசி போடறவர் கை, கால், கயிறு வழியாவே நோயும் கூட வரும்.